வலது பக்கப் பாடம்

கர்ட்டன்கார அம்மாவுக்குத் தன் மகள் பாப்பாவின் மாமியாரைப் பிடிக்காது. நேரில் பார்த்தது கல்யாணத்தின்போது மட்டும்தான், அப்போதே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசியதில் அந்தப் பிடிக்காமை நன்றாக ஊறிப்போயிருந்தது. காரணம் கேட்டால் ஆயிரம் சொல்வாள். அந்தம்மாள் சத்தமாகச் சிரிக்கிறாள், நகரப் பேருந்து ஓட்டுகிறாள், சோபாவில் காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறாள். உண்மைக் காரணம் ஒன்றுதான், அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். பாப்பா அந்த மாமியாரோடு சண்டை போடுகிறாள்.

மகள் மாமியாரோடு சண்டை போட்டால் பெற்றவளுக்கு உள்ளூரக் குளிரத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சண்டையைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். பாப்பா ஏதோ சொல்வாள். மாமியார் தொடையில் தட்டி மறுப்பாள். பாப்பா விரலை ஆட்டி அதை மறுப்பாள். மாமியார் கண்ணை உருட்டிக்கொண்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்து மறுபடி மறுப்பாள். கடைசியில் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிப்பார்கள். இந்தப் பக்கம் போனைக் கையில் பிடித்தபடி பெற்றவள் பொம்மை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு பாப்பா அவள் பக்கம் திரும்புவாள். அவள் எதைச் சொன்னாலும் பாப்பாவிடம் ஒரே பதில்தான். "சரிம்மா."

அந்த 'சரிம்மா' அவள் வளர்த்த வளர்ப்பு. அவள் வீட்டில் யாரும் அவளை மறுத்துப் பேசியதில்லை. முன்னறையில் கர்ட்டன் கடை, பின்னால் வீடு. கடையில் தைக்கும் இரண்டு பெண்களுக்கும் அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர், வீட்டில் அவள் எந்த மாடியை அழுத்துகிறாளோ அங்கே போய் நிற்பார். இதைத்தான் அவள் அமைதியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவும் சின்ன வயதிலிருந்தே சொன்ன சட்டையைப் போட்டாள், சொன்ன படிப்பைப் படித்தாள். கல்யாணம் ஒன்றில்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதுகூட, வேண்டாம் என்று அம்மா சொன்னபோது 'சரிம்மா' என்று சொல்லிவிட்டுத்தான் செய்தாள்.

இப்போது பாப்பாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கே வரவேண்டும் என்பது அம்மாவின் முடிவு. பின்னறையைக் காலி செய்தாகிவிட்டது, கட்டில் போட்டாகிவிட்டது, ஜன்னலுக்கு அளவும் எடுத்தாகிவிட்டது. ஞாயிறுதோறும் "எப்ப வர்ற?" என்று கேட்பாள். "சரிம்மா, வர்றேன்மா, பாக்கலாம்மா" என்று பாப்பா சொல்வாள். டிக்கெட் எடுத்த பாடில்லை. ஒரே கட்டடத்தில் மாமியார் கீழ்த்தளம், பாப்பா மேல்தளம். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம் என்று அம்மா நினைத்தாள்.

அதற்கு மேல் ஒரு சாட்சியும் கிடைத்தது. பாப்பாவின் படுக்கையறைக்கென்று அவளே உட்கார்ந்து ஒரு கர்ட்டன் தைத்து அனுப்பியிருந்தாள். மஞ்சள் துணி, உள்ளே தடித்த லைனிங், மேலே மூன்று மூன்றாக மடிப்பு. காற்றில் பறக்காமல் இருக்க அடி மடிப்புக்குள் சின்னச் சின்ன எடைகள் வைத்து, இரவெல்லாம் கண் எரியக் கையாலேயே தைத்திருந்தாள். "நல்லா இருக்கும்மா" என்று பாப்பா சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அந்தக் கர்ட்டன் சம்பந்தியம்மாளின் கூடத்தில், சோபாவுக்குப் பின்னால் தொங்குகிறது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணை எடுத்துக்கொண்டாள், போகட்டும். பெண்ணுக்குத் தைத்த துணியையும் எடுத்துக்கொண்டாளே என்று வயிறு எரிந்தது.

முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்றால் நடுவில் மொழிபெயர்க்கிறவள் பாப்பா. அவளை நம்ப முடியாது. ஒருமுறை, "அந்த சோபாவுக்கு அடியில எப்பவாவது பெருக்குவாங்களான்னு கேளு" என்றாள் அம்மா. பாப்பா ஸ்பானிஷில் என்னவோ சொன்னாள். சம்பந்தியம்மாள் இரண்டு கையாலும் முத்தம் அனுப்பினாள். பெருக்குகிறதைக் கேட்டால் யாராவது முத்தம் கொடுப்பார்களா?

இப்படித்தான் கர்ட்டன்கார அம்மா ஸ்பானிஷ் படிக்கக் கிளம்பினாள்.

டீச்சர் அவள் வாடிக்கையாளர்தான். மேற்கு வெயில் விழுகிற ஒரு மாடியறையில் மாலை வகுப்பு நடத்துகிறவள். வெயிலுக்கு நல்ல கனமான திரை வேண்டும் என்று வந்திருந்தாள். திரைக்குப் பதில் பாடம் என்று பேசி முடித்தார்கள். எண்கள், காய்கறி, வழி கேட்பது என்று டீச்சர் ஆரம்பித்ததை எல்லாம் அவள் ஒதுக்கிவிட்டாள். "எனக்கு மறுத்துப் பேசத் தெரியணும், டீச்சர். மரியாதையா மறுக்கணும். கேக்கறவங்களுக்குக் கோபமும் வரக்கூடாது, நாம சொல்றதும் நடக்கணும்."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பாடத்தை எடுத்தாள். இடது பக்கம் முழுக்க ஒத்துக்கொள்கிற பேச்சு, வலது பக்கம் முழுக்க மறுக்கிற பேச்சு. முதலில் இடது பக்கம் என்றாள் டீச்சர். அந்த மொழிக்காரர்கள் எடுத்த எடுப்பில் இல்லை என்று சொல்லமாட்டார்கள், எதிராளி சொன்னதில் பாதியை ஒத்துக்கொண்டு அதற்கப்புறம்தான் தன் பாதியை வைப்பார்கள், ஒத்துக்கொள்ளத் தெரியாதவர் மறுத்தால் அது வெறும் முரட்டுத்தனமாகக் கேட்கும் என்று பொறுமையாக விளக்கினாள்.

அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. "ஒத்துப்போறதுக்குப் பாடம் எதுக்கு? தலைய ஆட்டினா ஆச்சு. அந்தப் பக்கத்த இவர்கிட்ட குடுங்க" என்று கணவரைக் காட்டினாள். வகுப்புக்குத் துணைக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரருக்கு இப்படித்தான் இடது பக்கம் வந்து சேர்ந்தது. அவருக்கு அது கஷ்டமாகவே இல்லை. அத்தனை வருஷம் வீட்டில் தமிழில் சொல்லி வந்ததை ஸ்பானிஷில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. துணி வெட்டுகிற மேஜைக்கு அந்தப் பக்கம் அவரை உட்காரவைத்து, அவர்தான் சம்பந்தியம்மாள் என்று வைத்துக்கொண்டு பேசுவாள். "தியேனே ரஸோன், பெரோ" என்பாள். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால். "என்தியேந்தோ, பெரோ" என்பாள். புரிகிறது, ஆனால். "புவேதே செர், பெரோ." இருக்கலாம், ஆனால். கடைசியாக, "யோ லோ வேயோ தே ஓத்ரா மனேரா." நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். அவர் ஒவ்வொன்றுக்கும், "கிளாரோ கே சி" என்று மலர்ந்த முகத்தோடு ஒத்துக்கொள்வார். ஒருநாள் அவளுக்கே எரிச்சல் வந்தது. "அந்தம்மா இப்படியா தலையாட்டுவா? கொஞ்சம் எதிர்த்துப் பேசுங்களேன்" என்றாள். "எனக்கு அந்தப் பக்கம் சொல்லித்தரலியே" என்றார்.

அந்த முன் பாதிகளை அவள் பொட்டலத்தின் மேல் சுற்றுகிற காகிதமாகத்தான் நினைத்தாள். சரக்கு 'பெரோ'வுக்குப் பின்னால்தான் இருந்தது. அதனால் இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டாள். 'தியேனே ரஸோன்' என்று வாயைத் திறந்தால் 'பெரோ' தானாக வந்து விழும். டீச்சர் ஒருநாள் கண்டித்தாள். சரி என்று சொன்னதும் ஒரு நொடி நிறுத்த வேண்டும், எதிராளி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள இடம் விட வேண்டும் என்றாள். அவ்வளவு நேரம் விட்டால் அந்தம்மாள் நடுவில் புகுந்துவிடுவாள் என்று அம்மா சொன்னாள். 'கொன்ஸ்வேக்ரா' என்று ஒரு வார்த்தையும் டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தாள். சம்பந்தியம்மாள் என்பதற்கு அந்த மொழியிலும் தனியாக ஒரு சொல் இருக்கிறதாம். அதைக் கேட்டதும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. அந்த உறவு தங்கள் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் வெறும் யாரோ ஒரு பொம்பளை என்று அதுவரை நினைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், அங்கே மத்தியானம், சம்பந்தியம்மாளே கூப்பிட்டாள். ஞாயிறு இல்லாத நாளில் அந்த எண்ணிலிருந்து போன் வந்ததும் அம்மாவுக்குப் பகீரென்றது. எடுத்துப் பார்த்தால் அந்தம்மாள் பேருந்துச் சீருடையோடு தன் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் மஞ்சள் கர்ட்டன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தில் வைத்துப் பக்கத்து அறையைக் காட்டினாள். பாப்பா அங்கே தூங்குகிறாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. மேல்தளத்தில் சொந்த வீடு இருக்க, பெண் மத்தியானத் தூக்கத்துக்குக்கூட இவள் வீட்டுக்குத்தான் வருகிறாளா?

பாப்பா நடுவில் இல்லை. இதைவிட நல்ல நேரம் வராது. அம்மா வெட்டுகிற மேஜையிலிருந்து துணியைத் தள்ளிவிட்டு, டேப் கழுத்தில் தொங்க, நிமிர்ந்து உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்தவர் பின்னால் வந்து நின்றார்.

சம்பந்தியம்மாள் மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக, பேருந்தில் வயதானவர்கள் ஏறி உட்காரும்வரை காத்திருப்பதுபோல, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஆனால் அம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தன் முறைக்காகக் காத்திருந்தாள். அந்தம்மாள் முதல் தடவை மூச்சு வாங்கியதும் போட்டாள்: "தியேனே ரஸோன், பெரோ யோ லோ வேயோ தே ஓத்ரா மனேரா."

சம்பந்தியம்மாளின் வாய் திறந்தது. கொன்ஸ்வேக்ரா ஸ்பானிஷ் பேசுகிறாளே என்று முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த நொடி, சொன்னது என்ன என்று புரிந்து புருவம் சுருங்கியது. மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை பாப்பா இருக்கும் அறையைக் காட்டினாள், பிறகு விரலை நேராகப் போனுக்குள் நீட்டினாள். அம்மா விடவில்லை. "என்தியேந்தோ, பெரோ" என்றாள். அந்தம்மாள் இன்னும் ஏதோ சொன்னாள், குரல் கெஞ்சலாக இருந்தது. "புவேதே செர், பெரோ" என்றாள் அம்மா. எதிரே அந்த முகம் வாடி விழுவதைப் பார்த்தாள். ஆகா, பாடம் வேலை செய்கிறது என்று அவளுக்கு உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது.

லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, அவங்க பாப்பாவ உங்கிட்ட அனுப்பறேன்னுதான் சொல்றாங்க. அம்மாகிட்ட போறதுதான் சரின்னு சொல்றாங்க. நீதான் வேண்டாம் வேண்டாம்னு மறுத்துக்கிட்டிருக்க."

பல மாதமாக அம்மா எந்த வார்த்தையைக் கேட்கத் தவம் கிடந்தாளோ அதை அந்தம்மாள் தானாக வந்து சொல்கிறாள், இவள் மரியாதையாக, இலக்கண சுத்தமாக, அதை உதறித் தள்ளிக்கொண்டிருக்கிறாள். ஒத்துக்கொள்ள ஒரு வார்த்தை வேண்டுமே என்று தேடினாள். இடது பக்கம் மொத்தமும் கணவரிடம் இருந்தது.

அதோடு புதிதாக ஒரு கேள்வியும் வந்தது. இவள் அனுப்பத் தயார் என்றால், பாப்பா ஏன் வரவில்லை? "போர் கே?" என்று மட்டும் கேட்டாள். ஏன்?

சம்பந்தியம்மாள் யோசித்தாள். சொல்லலாமா கூடாதா என்று அவள் தயங்குவது மொழி தெரியாமலே தெரிந்தது. பிறகு போனைப் பிடிப்பதுபோல ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, "கோன் உஸ்தெத்" என்றாள். உங்களோடு. தலையைக் குனிந்து, பாப்பாவின் குரலிலேயே, தமிழில் சொன்னாள். "சரிம்மா. சரிம்மா. சரிம்மா." காதிலிருந்து கையை எடுத்துப் போனைக் கீழே வைப்பதுபோலக் காட்டினாள். கன்னத்தில் ஒரு விரலால் கண்ணிலிருந்து கீழே கோடு இழுத்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "கொன்மீகோ" என்றாள். என்னோடு. விரலை ஆட்டி, தொடையைத் தட்டி, "நோ, நோ, நோ, நோ" என்று பாப்பா மாதிரியே சண்டை போட்டுக் காட்டினாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இல்லை. வருத்தமாகத்தான் இருந்தாள்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்தம்மாள் கற்றுக்கொண்டிருந்த ஒரே தமிழ் அதுதான். ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, சுருதி பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவுக்கு முகம் கொதித்தது. என் பெண் என்னிடம் எப்படிப் பேசுகிறாள் என்று எனக்குச் சொல்ல இவள் யார்? நாக்கு நுனியில் வலது பக்கம் முழுவதும் வந்து வரிசையில் நின்றது. புரிகிறது, ஆனால். இருக்கலாம், ஆனால். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். எதைப் போட்டாலும் பொருந்தும், எல்லாம் மரியாதையானவைதான். பின்னால் லிஃப்ட்காரர் குனிந்து, "கிளாரோ..." என்று எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"தியேனே ரஸோன்" என்றாள்.

உதடு அடுத்த வார்த்தைக்குக் குவிந்துவிட்டது. சம்பந்தியம்மாள் அந்த 'பெரோ'வுக்காகக் காத்திருந்தாள், லிஃப்ட்காரரும் காத்திருந்தார். அவள் அதைப் பல்லால் கடித்து விழுங்கினாள். நீங்கள் சொல்வது சரிதான். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தன் வயதில் யாரிடமும் அவள் அப்படிச் சொல்லி நிறுத்தியதில்லை.

பேச்சுச் சத்தத்தில் பாப்பா எழுந்து வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்தபடி கதவில் நின்று, போனில் யார் என்று பார்த்துத் திடுக்கிட்டாள். "அம்மா, நீயா ஸ்பானிஷ் பேசின?"

"அத விடு. பிரசவத்துக்கு இங்க வர உனக்கு இஷ்டமா, இல்லியா?"

"சரிம்மா, வர்றேன்மா..."

"சரிங்காத. உங்க அத்தைகிட்ட எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசு."

பாப்பா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தாள். பாப்பா சோபாவில் மெல்ல உட்கார்ந்து போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"வரலம்மா" என்றாள். "அங்க வந்தா நீ எடுத்து வச்ச சட்டையத்தான் போடணும். நீ சொல்ற நேரத்துக்குத்தான் தூங்கணும். குழந்தைக்கும் அதேதான். எனக்கு முடியாது."

ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது இவ்வளவு வலிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. பாப்பா நிறுத்தவில்லை, திறந்த குழாய் திறந்ததுதான். "அப்புறம், அந்தக் கர்ட்டன் எனக்குப் புடிக்கல. அந்த மஞ்சள் கண்ண உறுத்துது, ரூமே இருட்டாயிடுது. அத்தைக்குப் புடிச்சுது, அதான் குடுத்தேன். அவங்க கேக்கவே இல்ல."

"புடிக்கலியா? கையால தச்சேன்டி அத. லைனிங் இல்லாம போட்டா வெயில் மூஞ்சில அடிக்கும். பொறக்கற குழந்தைக்குக் கண்ணு என்னத்துக்காகும்?"

"வெயில் வேணும்மா எனக்கு. மெல்லிசா, வெள்ளையா வேணும்."

"வெள்ள ஒரு வாரம் தாங்காது."

"தொவச்சுக்கறேன்."

"யாரு, நீயா?"

"நானேதான். இல்லன்னா நீ இங்க வந்து தொவச்சுக் குடு. பிரசவத்துக்கு நீ வாம்மா. இங்க இவங்க வீட்டுல ஒரு ரூம் இருக்கு."

"அந்த வீட்லயா? அந்த சோபாவுக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நான் மாட்டேன்."

"மாட்டேன்னா எப்படி? நான் மட்டும் வரணுமா?" என்று பாப்பா விரலை ஆட்டினாள். போனுக்குள் நேராக, அம்மாவின் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள். அந்த விரல் ஞாயிறுதோறும் வேறு பக்கமாக ஆடுவதையே பார்த்திருந்தவளுக்கு மூச்சு ஒருகணம் நின்று வந்தது. உடனே சுதாரித்து, முடியவே முடியாது என்று மேஜையைத் தட்டினாள். வெள்ளைத் துணி, துவைக்கிற சோப்பு, மாடிப்படி, முட்டி வலி என்று எதையெல்லாமோ இழுத்து இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். குரல் ஏற ஏற இருவரும் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். நடுவில் எங்கேயோ பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. வருகிறேன் என்று கடைசியில் சொன்னதுகூட, வந்து அந்தக் கூடத்தை எப்படி மாற்றப்போகிறேன் பார் என்ற பேச்சின் நடுவில்தான் சொன்னாள்.

அப்போதுதான் பாப்பாவின் தோளுக்குப் பின்னால் தற்செயலாகப் பார்த்தாள். சோபாவின் கோடியில், மஞ்சள் கர்ட்டனை ஒட்டி, சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் புரியாமல் மருமகளின் வாயையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்க முயற்சி செய்தாள், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை அவளை அறியாமல் கர்ட்டனின் அடி மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த முகத்தை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறுதோறும் பேச்சு முடிந்து போன் அணைந்ததும், அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தெரிகிற முகம் அது. பொய் சொல்வானேன், அதை அங்கே பார்த்ததும் முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை.

"இருடி" என்று பாப்பாவை நிறுத்தினாள். "நாம என்ன பேசறோம்னு அவங்களுக்கும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. சோபாவையும் சேத்துச் சொல்லு."